முட்டைக்குள் வளரும் காய்ச்சல்



அண்மையில் ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்தில் பால் வெட்டும் அம்மா அவர். இளைய மகனுக்குக் கடுமையான புளூ காய்ச்சல். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே பரிசோதித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் தணியும் மருந்தைக் கொடுத்து, "நிறையத் தண்ணீர் கொடுங்கள், மூச்சு வாங்கினால் உடனே கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். ஊசியும் இல்லை, கிருமியைக் கொல்லும் கேப்சூலும் இல்லை. "தோட்டத்து ஆள்தானே என்று நல்ல மருந்தை எங்களுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டார்களா?" என்று அந்த அம்மா கேட்கிறார். கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பிறகொரு நாள் புளூ தடுப்பூசி போட வந்த நர்ஸ், "முட்டை சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று விசாரித்தாராம். காய்ச்சல் ஊசிக்கும் கோழி முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம், அடையில் வைத்த கோழி முட்டையின் உட்புறம்.

அடைக்கோழி வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது நம் தோட்டப்புறப் பெண்களுக்குப் பழகிய வேலை. முட்டை பொரிய இருபத்தொரு நாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டு நாள் ஆனதும் பாட்டிமார் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். கரு கூடிய முட்டையில் மெல்லிய சிவந்த நரம்புகள் சிலந்தியின் கால்கள்போல் பரவியிருக்கும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். கூமுட்டையில் ஒன்றும் தெரியாது. வைரஸ் ஆராயும் கூடங்களிலும் முதல் வேலை இதேதான். அங்கே விளக்கு கொஞ்சம் பிரகாசமானது, அவ்வளவே வேறுபாடு.

பத்து நாள் ஆன முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நடுவில் கரு. தாய் வயிற்றில் குழந்தை இருப்பதுபோல் அதுவும் ஒரு பனிக்குடத்துக்குள் நீரில் மிதக்கிறது. பக்கத்தில் மஞ்சள் கரு, அதன் உணவு. இவற்றைச் சுற்றி மூன்றாவதாக ஒரு பை உண்டு. கருவின் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு நீர் அதில் சேர்கிறது. அந்தப் பையின் வெளிப்புறம் ஓட்டுக்கு அடியில் உள்ள சவ்வோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை உறிஞ்சிக் கருவுக்குக் கொடுக்கிறது. இந்தக் கழிவுநீர்ப் பையின் உட்சுவரில் உயிரணுக்கள் தளம் பாவியதுபோல் ஒரே வரிசையாகப் பதிந்திருக்கின்றன. இன்புளுவென்சா வைரஸுக்கு மிகவும் பிடித்த விளைநிலம் அதுதான்.

இதை மனிதன் கண்டுகொள்ளுமுன் கொடுத்த விலை பெரியது. 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் இன்புளுவென்சா பரவிக் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களையும் அது விடவில்லை. கங்காணிமாரோடு கப்பலேறி வந்து, நெருக்கமான லயங்களில் குடியிருந்த நம் முன்னோர் பலர் அதில் மாண்டனர். பிள்ளை குட்டிகளைவிடத் திடகாத்திரமான வாலிபர்களே அதிகம் விழுந்தது அந்தக் காய்ச்சலின் விசித்திரம். அப்போது நோய்க்குக் காரணம் இன்னதென்று வைத்தியர்களுக்கே தெரியாது. 1892இல் ரிச்சர்டு பைபர் என்ற ஜெர்மானியர் நோயாளிகளின் சளியில் கண்ட ஒரு பாக்டீரியாவையே பலர் குற்றவாளி என்று நம்பினார்கள். அதற்கெதிராகத் தடுப்பூசிகூடச் செய்து போட்டார்கள். குற்றவாளி வேறு, பிடிபட்டவன் வேறு. ஊசி எப்படிப் பலிக்கும்?

உண்மையான குற்றவாளி 1933இல்தான் அகப்பட்டான். லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்ற மூவர், நோயாளியின் தொண்டை நீரை பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு பிராணியின் மூக்கில் விட்டனர். அது தும்மியது, காய்ச்சலும் கண்டது. வடிகட்டியையும் தாண்டி வந்த அந்தப் பொருள் வைரஸ். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறியது.

ஆனால், வைரஸைக் குழம்பிலோ கஞ்சியிலோ வளர்க்க முடியாது. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வைத்தால் போதும், தானே பெருகும். வைரஸுக்கு உயிருள்ள உயிரணு வேண்டும். எத்தனை ஃபெரட்டுகளைத்தான் வாங்கிக் கட்டி வைப்பது? அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் எர்னஸ்ட் குட்பாஸ்டரும் ஆலிஸ் உட்ரஃபும் கோழி அம்மை வைரஸைக் கருமுட்டையில் வளர்த்துக் காட்டியது 1931இல். அதைப் பின்பற்றி ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மக்பர்லன் பர்னட், 1935 முதல் இன்புளுவென்சாவை முட்டையில் வளர்க்க முயன்றார். முதலில் ஓட்டுக்கடியில் உள்ள சவ்வில், பிறகு பனிக்குடத்தில், கடைசியில் கழிவுநீர்ப் பையில் என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்து வழி கண்டார். விலை மலிவான, தனக்குத் தானே ஓடு போட்டு மூடிய, சுத்தமான கண்ணாடிக் குப்பி ஒன்று கோழியின் வயிற்றிலிருந்தே கிடைத்தது என்று சொல்லலாம்.

வேலை செய்யும் முறை எளிதானது. முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது அல்லவா? அதன் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, ஸ்பிரிட் தடவி, சிறு துளை போடுகிறார்கள். ஓரிரு சொட்டு வைரஸ் நீரை ஊசியால் கழிவுநீர்ப் பைக்குள் விட்டு, துளையை மெழுகால் அடைக்கிறார்கள். பிறகு முட்டையை 35 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வைக்கிறார்கள். அடைக்கோழியின் சூட்டைவிட இது சற்றுக் குறைவு. இரண்டு மூன்று நாளில் விளைச்சல் தயார்.

இனி, அந்த இரண்டு நாளில் நடக்கும் கதையைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

வைரஸின் மேலே இருவகை முட்கள் உண்டு. ஒரு வகை பிடித்துக்கொள்ளும் கொக்கி. அதன் பெயர் ஹீமகுளூட்டினின். மறுவகை வெட்டும் கத்தரி. அதன் பெயர் நியூராமினிடேஸ். பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் கொக்கி, கத்தரி என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் பொருளால் ஆன எட்டுத் துண்டுகள். வைரஸின் பரம்பரைக் குறிப்பு முழுவதும் அந்த எட்டுச் சீட்டுகளில்தான் எழுதியிருக்கிறது. அதனிடம் வயிறு இல்லை, மூச்சு இல்லை, சொந்தப் பட்டறையும் இல்லை.

கோழிக்கருவின் உயிரணுவின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்னும் ஒருவகைச் சர்க்கரை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொக்கி அதைப் பற்றிக்கொள்கிறது. உயிரணு ஏதோ உணவு வந்திருப்பதாக எண்ணியதுபோல், தன் தோலைக் குழித்து ஒரு சிறு பையாக்கி வைரஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பை உள்ளே போகப் போகப் புளிப்பாகிறது. ஸ்டோரில் ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றியதும் பால் தன் தன்மை மாறி உறைவதைப் பார்த்திருக்கிறோம். அதுபோல் இந்தப் புளிப்புப் பட்டதும் கொக்கியும் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. மடங்கிக் கிடந்த ஒரு பகுதி விறைத்து நிமிர்ந்து பையின் சுவரில் குத்துகிறது. வைரஸின் உறையும் பையின் சுவரும் ஒன்றாய் இணைந்து வாய் திறக்கிறது. எட்டுச் சீட்டுகளும் வெளியே வந்து உயிரணுவின் உட்கருவுக்குள் போய்ச் சேர்கின்றன.

உட்கரு என்பது தோட்டத்துப் பெரிய கிராணியின் ஆபீஸ் மாதிரி. இன்ன வேலை செய் என்ற உத்தரவுச் சீட்டுகள் அங்கிருந்துதான் புறப்பட்டு வெளியே உள்ள பட்டறைகளுக்குப் போகின்றன. அந்தப் பட்டறைகளின் பெயர் ரைபோசோம். சீட்டில் உள்ளபடி புரதம் செய்வது அவற்றின் தொழில். ஆனால் ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் ஒரு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் பட்டறை அதைக் கையில் எடுக்காது. முத்திரை குத்தும் கருவி வைரஸிடம் இல்லை. அது என்ன செய்கிறது தெரியுமா? உயிரணுவின் உண்மையான சீட்டுகளின் தலைப்பை முத்திரையோடு நறுக்கியெடுத்து, தன் சீட்டின் தலையில் ஒட்டிக்கொள்கிறது! உயிரணுவின் சொந்த வேலை நின்றுபோகிறது. பட்டறைகள் இரவு பகலாக வைரஸுக்கு உழைக்கின்றன. கள்ளச் சீட்டுக் கொடுத்து அரிசி வாங்கிய கதைகள் நமக்குத் தெரியும். இவ்வளவு துணிச்சலான கள்ளச் சீட்டை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இப்படிச் செய்த கொக்கிகளும் கத்தரிகளும் உயிரணுவின் வெளித்தோலுக்குப் போய் நிற்கின்றன. எட்டுச் சீட்டுகளும் ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கப்பட்டு, அங்கேயே வந்து சேர்கின்றன. தோல் மொட்டுபோல் வெளியே பிதுங்கி ஒரு புதிய வைரஸ் உருவாகிறது. ஆனால் அதன் கொக்கி, வெளியே வந்த உயிரணுவின் சர்க்கரை முனையையே திரும்பப் பற்றிக்கொள்ளுமே! அதற்குத்தான் கத்தரி. அது சர்க்கரை முனைகளை வெட்டிவிடுகிறது, வைரஸ் விடுபட்டு நீரில் மிதந்து அடுத்த உயிரணுவைத் தேடிப் போகிறது.

இதில் காலக்கணக்கு ஒன்றுண்டு. 1940களில் பிலடெல்பியாவில் வெர்னர் ஹென்லே, கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியர் கருமுட்டைகளில் வைரஸைச் செலுத்தி, அவ்வப்போது சிலவற்றைத் திறந்து சோதித்தனர். முதலில் போட்ட வைரஸே காணாமல் போயிற்று! சில மணி நேரம் தேடினாலும் கிடைக்கவில்லை. ஐந்தாறு மணி நேரம் கழிந்தபின் திடீரென்று போட்டதைவிடப் பன்மடங்கு வெளிவந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும் பாக்டீரியாவின் கணக்கு இதுவல்ல. வைரஸ் தன்னைப் பிரித்துப்போட்டு மறைந்து, பிறகு கூட்டமாக வருகிறது. நன்றாக விளைந்த முட்டையின் நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி வைரஸ்கள்கூட இருக்கும்.

விதையை அள்ளிப் போட்டால் விளைச்சல் கூடுமா? கூடாது. டென்மார்க்கைச் சேர்ந்த பிரெபென் ஃபொன் மாக்னஸ் இதைக் கண்டறிந்தார். வைரஸை மிக அதிகமாகச் செலுத்தி, அந்த நீரையே மீண்டும் மீண்டும் அடுத்த முட்டைகளில் விட்டுக்கொண்டே போனால், சீட்டு குறைந்த அரைகுறை வைரஸ்களே மலிந்துவிடுகின்றன. அவை தாமும் பெருகா, நல்லவற்றையும் பெருக விடா. அதனால் விதை நீரைப் பல ஆயிரம் மடங்கு தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தே முட்டையில் விடுகிறார்கள். நாற்றை நெருக்கி நட்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

விளைந்ததை எடுக்கும் நாளில் முட்டைகளை ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்கிறார்கள். குஞ்சு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். குளிரில் அது இறந்துபோகிறது. நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், ஓட்டை வெட்டும்போது இரத்தம் நீரோடு கலக்காது. 1941இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்பவர் நீரை எடுக்கையில் ஒரு குழாய் அறுந்து இரத்தம் கலந்துவிட்டது. கலந்த இரத்த அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டன. வேறொருவராயிருந்தால் கைதவறியதை நொந்துகொண்டு கொட்டியிருப்பார். அவர் நின்று பார்த்தார். வைரஸின் கொக்கிகள் இரத்த அணுக்களை ஒன்றோடொன்று கோத்துக் கட்டுகின்றன என்பது விளங்கிற்று. இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் முட்டை நீரோடு கோழி இரத்தத்தைக் கலந்து வைப்பார்கள். வைரஸ் இல்லாவிட்டால் சிவப்பு அணுக்கள் குழியின் அடியில் பொட்டுபோல் இறங்கும். இருந்தால் வலைபோல் விரிந்து நிற்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கோழிக்கருவின் உயிரணு சும்மா கொள்ளை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லின்டன்மன் என்ற இருவர், சூடு காட்டிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து ஊறவைத்தனர். பிறகு அந்த நீரை மட்டும் எடுத்து வேறு சவ்வுத் துண்டுகளில் விட்டனர். அந்தத் துண்டுகளில் உயிருள்ள வைரஸும் சரியாகப் பெருகவில்லை. தாக்குண்ட உயிரணு, 'திருடன் வருகிறான், கதவைச் சாத்து' என்று அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுக்கும் ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டார்கள். நம் உடம்பிலும் அது உண்டு. புளூவில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறதே, அதில் பெரும் பங்கு வைரஸ் செய்வதல்ல, நம் உடம்பு போடும் இந்தக் கூச்சலின் விளைவு.

இப்போது அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு வருவோம். கிருமிக்கொல்லிக் கேப்சூல்கள் பாக்டீரியாவின் சொந்தச் சுவரையோ சொந்தப் பட்டறையையோ பார்த்து அடிப்பவை. இன்புளுவென்சா வைரஸுக்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. அது பயன்படுத்துவது நம் பிள்ளையின் பட்டறையை. கேப்சூலுக்கு அங்கே அடிக்க ஆளே இல்லை. ஆகவே, அம்மா, உங்களிடமிருந்து நல்ல மருந்து எதையும் மறைக்கவில்லை. பட்டணத்துப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் சாதாரணப் புளூவில் இதே மருந்துதான். ஆனால், ஏன் கொடுக்கவில்லை என்பதை உட்கார வைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறையை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

புளூவுக்குப் பின் நெஞ்சில் பாக்டீரியா புகுந்து சளிக்காய்ச்சல் கண்டால் அப்போது கேப்சூல் வேண்டும். வைரஸின் கத்தரியையே மழுங்கடிக்கும் ஓசல்டாமிவிர் என்ற மருந்தும் இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் அதிகம் பயன் தரும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, இனிப்பு நீர், இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் முதல் நாளே டாக்டரிடம் காட்ட வேண்டும். வேகமாக மூச்சு வாங்குதல், விலா உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல், தணிந்த காய்ச்சல் மறுபடி கடுமையாகத் திரும்புதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பெரட்டு முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டுக் கோழியைப் பற்றியும் ஒரு சொல். வைரஸின் கொக்கி வேலை செய்ய வேண்டுமானால், அதை முன்கூட்டியே ஒரு நொதி வெட்டிப் பதப்படுத்த வேண்டும். சாதாரணப் புளூவில் அந்த நொதி மூச்சுக்குழாய் போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. கருமுட்டையின் நீரில் அது தாராளமாக இருப்பதால்தான் அங்கே வைரஸ் செழிக்கிறது. ஆனால் எச்5என்1 என்னும் கொடிய பறவைக் காய்ச்சல் வைரஸின் கொக்கியை உடம்பின் எல்லா உறுப்புகளிலும் உள்ள நொதிகள் வெட்டிவிடும். அதனால் கோழியின் உடம்பு முழுவதும் அது பரவுகிறது. கருமுட்டையில் விட்டாலோ கருவையே விரைவில் கொன்றுவிடுகிறது. 1997இல் ஹாங்காங்கில் இது 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2004இல் நம் கிளந்தானிலும் கோழிகளிடையே தலைகாட்டியது. கோழிகள் கூட்டமாகத் திடீரென்று செத்தால், சாகக் கிடப்பதை அறுத்துக் குழம்பு வைப்போம் என்று எண்ணாதீர்கள். இறகு பிடுங்கவும் வேண்டாம். பிள்ளைகளை அப்பால் நிறுத்திவிட்டுக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லியனுப்புங்கள்.

கடைசியாக நர்ஸ் கேட்ட கேள்வி. முட்டையில் விளைந்த வைரஸைப் பிரித்தெடுத்து, இரசாயனத்தால் கொன்று, உடைத்து, சுத்தம் செய்து ஊசி மருந்தாக்குகிறார்கள். செத்த வைரஸ் பெருகாது. ஆகவே ஊசியால் புளூ வராது. ஓரிரு நாள் கைவலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். இந்த முறை ஊசி 1940களில் அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போடப்பட்டுப் பிறகு பொதுமக்களுக்கும் வந்தது. 1957இல் ஆசியப் புளூ பரவியபோது சிங்கப்பூரில் பிரித்தெடுத்த வைரஸ் 'ஏ/சிங்கப்பூர்/1/57' என்ற பெயரோடு உலகம் முழுவதும் அறிமுகமாயிற்று. சில வைரஸ்கள் முட்டையில் சரியாக விளைவதில்லை. அதற்கு எட்வின் கில்போர்ன் என்ற அமெரிக்கர் 1960களின் இறுதியில் வழி கண்டார். 1934இல் போர்ட்டோ ரிக்கோ தீவில் கிடைத்த, முட்டையில் நன்கு விளையும் பழைய வைரஸையும் புதியதையும் ஒரே முட்டையில் விட்டார். ஒரே உயிரணுவுக்குள் இரண்டும் புகும்போது சீட்டுகள் எட்டும் எட்டும் கலந்து மாறிக்கொள்ளும். அவற்றில் புதியதின் கொக்கியும் பழையதின் விளைச்சலும் கொண்ட கலப்பைப் பொறுக்கியெடுத்தார். ஒட்டுக்கட்டிய ரப்பர் மரம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதனின் வைரஸ் முட்டைக்குப் பழகும்போது, கொக்கி சிறிது மாறிப்போவதுண்டு. கோழியின் சர்க்கரை முனை நம்முடையதுபோல் இல்லாததே காரணம். அந்த ஆண்டு ஊசியின் பலன் அதனால் சற்றுக் குறையலாம். முட்டையில்லாமல் வேறு உயிரணுக்களில் செய்யும் ஊசிகளும் இப்போது உண்டு. ஆனால் பெரும்பாலானவை இன்றும் முட்டையிலிருந்தே வருகின்றன. வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால், எந்த வைரஸை விதையாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி முடிவு செய்கிறது. அதனால்தான் சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் முட்டையின் புரதம் துளியளவு ஊசி மருந்தில் தங்கிவிடக்கூடும். நர்ஸ் விசாரித்தது அதற்காகத்தான். முட்டை தின்றால் தடிப்பு எழும்புகிறவர்களும் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஆனால் முட்டை தின்றோ, முன்பு இந்த ஊசி போட்டோ, முகம் வீங்கி, மூச்சடைத்து, மயங்கி விழுந்தவர்கள் அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்டபின் கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.